சிந்தனைச் சிக்கனம்

பொருளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்பதை எல்லாரும் அறிவர். நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்பதை, நொய்யலாறு வறண்டு கிடக்கக் கண்டு வளர்ந்த கொங்கு நாட்டு மக்களுக்கு எவரும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை. ஆனால், சிந்தனையையும் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்று கூறினால் பலர் வியப்படைவர். “சிந்தனை வளர வேண்டும் என்றன்றோ சான்றோர் கூறுகின்றனர்? அதில் சிக்கனம் எதற்கு?” என்று வினவுவர்.

வினா நேரியதே. ஆயினும், சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கஞ்சன் செலவிட வேண்டிய இடத்திலும் செலவிடான். சிக்கனமுடையவனோ வேண்டாத இடத்தில் ஒரு காசும் செலவிடாமல் சேர்த்து, வேண்டிய இடத்தில் கை நிறையச் செலவிடுவான். சிந்தனையிலும் இவ்வேறுபாடு உண்டு. எதைப் பற்றிச் சிந்திப்பது, எவ்வளவு சிந்திப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அறிந்து சிந்தனையை ஆள்வதே கல்வியின் தலையாய பயன் ஆகும். மனித மூளை இவ்வாட்சியை எவ்வாறு கற்றுக்கொள்கிறது என்பதும், அதனைப் பார்த்து மனிதர் அமைத்த பொறிகள் எவ்வாறு கற்றுக்கொள்கின்றன என்பதும் மாணவர் அறிந்துகொள்ள வேண்டியவை.

மனித மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடலின் எடையில் அது 100-இல் 2 பங்கே ஆகும். ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் 5-இல் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இத்துணை அணுக்களும் இயங்குவதற்கு வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 20 வாட், இக்காலத்து எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று எரிவதற்குப் போதுமான அளவே அது. கடினமான கணக்கைப் போடும்போதும் இச்செலவு சிறிதே மிகுகின்றது.

ஆகவே, மூளையில் மிக அருமையான பொருள் ஆற்றல் அன்று, கவனமே ஆகும். ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளத் தக்க செய்திகள் மிகச் சிலவே. ஜார்ஜ் மில்லர் என்னும் உளவியல் அறிஞர் 1956-இல் அவை ஏழு அளவில் இருக்கும் என்று எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகள் நான்கு அளவிலேயே நிற்கும் என்று காட்டின. நான்கு பொருள்களை மட்டும் வைக்கத் தக்க ஒரு சிறு தட்டைக் கொண்டு ஒரு பெரிய குடும்பத்துக்கு விருந்து படைக்க வேண்டிய நிலையில் மனிதன் இருக்கிறான். தட்டில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதை அறிந்தவனே விருந்தைச் சிறப்பாக நடத்துவான்.

இவ்வுண்மையைத் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தின் தையற்கூடத்திற்குள் நுழைபவர் கண்ணாரக் காணலாம். அங்கு ‘ஓவர்லாக்’ என வழங்கும் பொறிகள் வரிசையாக நிற்கும். அப்பொறி, துணியின் விளிம்பைச் சீராக வெட்டிக்கொண்டே தைத்துச் செல்வது. ‘கைமடி’ என்னும் உதவிப் பணியில் சேர்ந்து சில மாதம் கழித்த இளம்பெண் ஒருத்தி அன்றுதான் அப்பொறியின் முன் அமர்ந்திருப்பாள். பின்னல் துணி இழுத்தால் நீளும். விட்டால் ஓரம் சுருளும். மிதியைச் சிறிது கூடுதலாக அழுத்தினால் பொறி பாயும். சிறிது தளர்த்தினால் நின்றுவிடும். மேல் துணியும் கீழ்த் துணியும் ஒன்றுபட்டு வர வேண்டும். கால், கை, கண், காது ஆகிய அனைத்தும் ஒருங்கே அவளுடைய கவனத்தைக் கேட்கும். அவளிடம் உள்ளதோ அந்தச் சிறு தட்டு ஒன்றே. நெற்றி வியர்க்கும், தையல் கோணும்.

அடுத்த பொறியில் பல ஆண்டுகள் பழகிய மூத்த தொழிலாளி ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் வீட்டுச் செய்தி பேசிக்கொண்டே தைப்பார். இளம்பெண் அவரிடம், “அக்கா, நான் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படியும் தையல் கோணிப் போகிறதே!” என்பாள். “ஊசியைப் பார்க்காதே, கண்ணு. ஊசி அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். துணி வருகிற ஓரத்தைப் பார், போதும்,” என்று அவர் விடை கூறுவார். அவ்வாறு கூறிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பொறியில் நூல் ஒன்று அறுந்துவிட்டால், பேச்சு பாதியில் நிற்கும். மிதியிலிருந்து கால் எடுபட்டிருக்கும். நூல் அறுந்ததை அவர் கண் காண்பதற்கு முன்னரே, ஓசையில் தோன்றிய சிறு மாற்றத்தைக் காது உணர்ந்துவிட்டது.

இவ்விருவரில் மிகுதியாகச் சிந்திப்பவர் யார்? புதியவளே. நன்றாகச் சிந்திப்பவர் யார்? மூத்தவரே. புதியவளின் சிந்தனை எல்லா இடத்திலும் சிதறிக் கிடக்கின்றது. மூத்தவரின் சிந்தனையோ, ஊர்க்காவலன் போல ஒதுங்கி நின்று, மாறுபாடு தோன்றிய இடத்திற்கு மட்டும் விரைந்து செல்கின்றது. அவர் சிந்திக்காமல் இல்லை. சிந்தனையை ஆளக் கற்றிருக்கிறார்.

இவ்வாட்சி எவ்வாறு கைவருகிறது? அமெரிக்க நாட்டில் வில்லியம் பிரையன், நோபிள் ஹார்ட்டர் என்னும் இருவர் தந்திப் பணியாளர் தொழில் பயிலும் முறையை ஆராய்ந்து, 1897-இலும் 1899-இலும் தம் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்கத்தில் பணியாளர் ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் தனித்தனியே கேட்டு உணர்ந்தனர். சில காலம் சென்றபின் முழுச் சொல்லை ஒரே ஒலியாகக் கேட்டனர். பின்னர்ச் சொற்றொடரையே ஒன்றாகக் கேட்டனர். கீழ்ப்படியில் உள்ள வேலைகள் பழக்கத்தின் கையில் ஒப்படைக்கப்பட்டபின், மேற்படிக்குச் செல்லச் சிந்தனைக்கு ஓய்வு கிடைத்தது. 1992-இல் ரிச்சர்டு ஹேயர் என்பவரும் அவருடைய குழுவினரும், கணிப்பொறி விளையாட்டு ஒன்றைப் பயில்வோரின் மூளையில் சர்க்கரை எவ்வளவு செலவாகிறது என்பதை அளந்தனர். பயிற்சி முற்றி ஆட்டத்தில் திறமை பெருகியபோது, மூளையின் மேற்பரப்பில் அச்செலவு குறைந்திருக்கக் கண்டனர். திறமை என்பது மூளையை மேன்மேலும் வருத்துவதன்று; வேண்டாத வருத்தத்தைக் களைவது என்பது இதனால் விளங்கும்.

நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி, புதிய செயலைத் திட்டமிடவும், தவற்றைத் தடுக்கவும், கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தவும் பெரிதும் உதவுவது. மூளையின் உள்ளாழத்தில் அமைந்த அடித்தள அணுத்திரள்கள், பலமுறை செய்து பழகிய செயல்களைத் தாமே நடத்திச் செல்லத் துணை செய்வன. ஒரு செயல் பழகப் பழக, அதன் பொறுப்பு முன்பகுதியிலிருந்து மெல்ல மெல்ல உட்பகுதிக்குச் செல்கிறது. தலைவர் எல்லாக் கோப்புகளையும் தாமே பார்க்காமல், வழக்கமானவற்றை எழுத்தரிடம் விட்டுவிட்டு, சிக்கலானவற்றை மட்டும் தம் மேசைக்கு வரவழைப்பது போன்றது இது.

எது வழக்கமானது, எது சிக்கலானது என்பதை மூளை எவ்வாறு பிரித்தறிகிறது? எதிர்பார்ப்பைக் கொண்டு பிரித்தறிகிறது. வுல்ஃப்ரம் சூல்ட்ஸ், பீட்டர் தயான், ரீடு மாண்டேகு ஆகிய மூவர் 1997-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் புகழ் பெற்றது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் கிளர்ந்தன. விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்பதைக் குரங்கு கற்றுக்கொண்ட பிறகோ, சாறு வந்தபோது அவை கிளரவில்லை. விளக்கு எரிந்தபோதே கிளர்ந்தன. விளக்கு எரிந்தும் சாறு வாராதபோது அவற்றின் துடிப்பு தாழ்ந்தது. எதிர்பார்த்தது நடந்தால் கற்க வேண்டியது ஒன்றும் இல்லை; எதிர்பார்த்ததும் நடந்ததும் மாறுபட்டால்தான் கற்க வேண்டியது உண்டு. அம்மாறுபாட்டை அளந்து அறிவிக்கும் அணுக்கள் மூளைக்குள்ளேயே இருக்கின்றன.

திருப்பூரில் துணி பின்னும் வட்டப் பொறியும் இந்நெறியிலேயே அமைந்திருக்கிறது. ஒரு பொறிக்குப் பல நூற்கண்டுகளிலிருந்து நூல் சென்றுகொண்டிருக்கும். அத்தனை நூல்களையும் ஒரு தொழிலாளி நொடிதோறும் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. நூல் செல்லும் வழியில் ஒரு சிறு கருவி உண்டு. நூல் அறுந்தவுடன் அக்கருவி பொறியை நிறுத்தி, விளக்கை எரியச் செய்யும். விளக்கு எரியாத வரையில் தொழிலாளி அடுத்த பொறியைக் கவனிக்கலாம். அதனால்தான் ஒருவரே பல பொறிகளைப் பார்த்துக்கொள்ள முடிகிறது.

ஆனால், இக்கருவி அறியாத குறைகளும் உண்டு. நூல் அறாமல் ஊசி ஒன்று மட்டும் பழுதுபட்டால், பொறி நிற்காமல் ஓடக்கூடும். துணியின் நீளம் முழுவதும் ஊசிக்கோடு விழுந்துவிடும். பழக்கமும் அத்தகையதே. அது எதிர்பாராத தவற்றைச் சில வேளை உணராமல் சென்றுவிடும். ஆகவே, மாறுபாடு தோன்றாதபோதும் இடையிடையே நின்று பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. அவை யாவை?

இதற்கும் விடை அதே நிறுவனத்தில் கிடைக்கும். தையல் தவறினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு தவறினால் ஒட்ட முடியாது. வெட்டும் கூடத்தில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அனைத்தையும் ஒரே வீச்சில் வெட்டுவர். அளவு ஒரு விரற்கடை பிழைத்தால் அடுக்கு முழுவதும் பாழாகும். ஆதலால், கட்டிங் மாஸ்டர் எத்துணை ஆண்டு பழகியவராயினும், கத்தியை வைக்குமுன் அளவை மீண்டும் ஒருமுறை சரிபார்ப்பார். பிரிக்கக்கூடிய செயலில் பழக்கத்தை நம்பலாம். பிரிக்க முடியாத செயலில் சிந்தனையை அழைக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி, மெதுவாகச் செய்வோர் அனைவரையும் புகழ்வதற்காகத் தோன்றியதன்று. பதறக்கூடாத இடம் எது என்பதை அறிந்தோரைப் புகழ்வதற்காகத் தோன்றியது எனலாம்.

தமிழ்நாட்டில் இவ்வாட்சியை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் இருந்தனர். அதற்கு அவதானம் என்பது பெயர். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் கூடிய அவையில் நூறு செயல்களை ஒருசேர ஏற்றுச் சதாவதானி என்னும் பட்டம் பெற்றார். நூறிலும் ஒரே நொடியில் மனம் தங்கிற்று என்று கருதுதல் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் உரிய நொடியை உரியவாறு அளித்து, மீண்டு வரும்போது விட்ட இடத்தைப் பிழையின்றிப் பற்றிக்கொள்வதே அவதானம். இன்று பலர் ஒரே நேரத்தில் பாடம் படிப்பதையும் கைப்பேசி பார்ப்பதையும் திறமை என எண்ணுகின்றனர். அவதானிக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. அவதானி மனத்தைத் தாமே அனுப்புகிறார். அவர்கள் மனத்தையோ கைப்பேசி அழைத்துச் செல்கிறது.

சதுரங்கத்திலும் இதனைக் காணலாம். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், 18 வயதில் உலக வாகையர் ஆனார். அப்போட்டியில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் அளிக்கப்பட்ட நேரம் 120 நிமிடம். ஒரு நகர்த்தலுக்கு மூன்று நிமிடம் என்று பங்கிட்டு ஆடுபவர் எவரும் வெல்லார். அறிந்த நிலைகளில் நொடிகளில் காய் நகர்த்தி, அரிய நிலை ஒன்றில் அரை மணியையும் செலவிடத் துணிபவரே வெல்வார். கடிகாரத்தில் ஓடுவது நேரம்; உண்மையில் செலவாவது சிந்தனை.

மூளையைப் பார்த்துப் பொறி அமைத்தவர்களும் இதே சிக்கலைச் சந்தித்தனர். 1943-இல் மக்கல்லக், பிட்ஸ் என்னும் இருவர், நரம்பணுவின் செயலைக் கணக்கின் வடிவில் எழுதிக் காட்டினர். அத்தகைய அணுக்களைப் பலவாக இணைத்து அமைப்பதே செயற்கை நரம்பு வலைப்பின்னல். பின்னலாடை நகரத்து மாணவர்க்கு இப்பெயரின் பொருள் எளிதில் விளங்கும். ஒரு கண்ணி தனித்து நின்றால் அது வெறும் நூல். பல்லாயிரம் கண்ணிகள் கோத்து நின்றால் ஆடை. வலைப்பின்னலில் ஓர் அணுவுக்கும் மற்றோர் அணுவுக்கும் இடையே உள்ள பிணைப்பின் வலிமை மாறக்கூடியது. விடை பிழைத்தால், பிழையின் அளவைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, பிழைக்குக் காரணமான பிணைப்புகள் திருத்தப்படும். 1986-இல் இம்முறை பரவலாக அறியப்பட்டது. அதை வளர்த்தவருள் ஒருவராகிய ஜெஃப்ரி ஹின்டன், ஜான் ஹாப்ஃபீல்டு என்பவருடன் 2024-இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றார்.

பொறிகளும் முதலில் வரம்பின்றிச் செலவிட்டே வென்றன. 1997-இல் சதுரங்க வாகையர் காஸ்பரோவை வென்ற ‘டீப் புளூ’ என்னும் கணிப்பொறி, ஒரு நொடியில் ஏறத்தாழ 20 கோடி நிலைகளை ஆராய்ந்தது. ‘கோ’ என்னும் கிழக்காசிய விளையாட்டில் அம்முறை பயன்படவில்லை. அதன் நிலைகள் எண்ணில் அடங்காதவை. 2015-இல் ‘ஆல்ஃபாகோ’ என்னும் பொறி அவ்விளையாட்டில் ஐரோப்பிய வாகையரை வென்றபோது, டீப் புளூ ஆராய்ந்தவற்றினும் பல்லாயிரம் மடங்கு குறைவான நிலைகளையே ஆராய்ந்தது. எந்த நகர்த்தலை ஆராய்வது, எதை ஆராயாமலே விடுவது என்பதை அதன் நரம்பு வலைப்பின்னல் முன்னரே கற்றிருந்தது. அதன் வெற்றிக்குக் காரணம் மிகுதியான சிந்தனை அன்று; தேர்ந்த சிந்தனை.

சொற்களால் விடை எழுதும் இக்காலப் பொறிகள் அடுத்த படியை ஏறின. 2025-ஆம் ஆண்டு சனவரியில் சீன நாட்டு ‘டீப்சீக்’ நிறுவனம் தன் பொறி ஒன்றின் பயிற்சி முறையை வெளியிட்டது. தொடக்க ஆய்வில், கணக்கின் முடிந்த விடை சரியாக இருந்தால் பொறிக்குப் பரிசெண் கிடைத்தது. எவ்வாறு சிந்திக்க வேண்டும் என்பதை எவரும் அதற்குக் கூறவில்லை. பயிற்சி வளர வளர, அப்பொறி விடை கூறுமுன் நெடுநேரம் படிப்படியாக எழுதிப் பார்க்கவும், இடையில் நின்று தன் வழியைத் தானே சரிபார்க்கவும் தொடங்கிற்று. இது வியக்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும், இவ்வகைப் பொறிகளிடம் ஒரு குறையும் காணப்பட்டது. இரண்டும் மூன்றும் எத்தனை என்பது போன்ற எளிய வினாவுக்கும் அவை பக்கம் பக்கமாக ஆராய்ந்தன. இப்போது ஆய்வாளர், எளிய வினாவில் விரைந்து நிறுத்தவும், அரிய வினாவில் நிலைத்து நிற்கவும் அவற்றைப் பயிற்றி வருகின்றனர். தேவையற்ற நீளத்திற்குப் பரிசெண்ணைக் குறைப்பது அதற்கு ஒரு வழி.

இவ்விடத்தில் சிந்திக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. பொறி எங்கே நிற்க வேண்டும், எங்கே விரைய வேண்டும் என்பதை முடிவு செய்தது பரிசெண். பரிசெண்ணின் இலக்கணத்தை வகுத்தவர் மனிதர். எதற்குப் பரிசு அளிக்கப்படுகிறதோ, அதன் பக்கமே சிந்தனை சாயும். இது பொறிக்கு மட்டும் உரிய நெறி அன்று. மனிதருக்கும் உரியதே.

தையற்கூடத்திற்கு மீண்டும் வந்தால் இது விளங்கும். அங்குப் பலருக்குத் தைத்த ஆடையின் எண்ணிக்கையைக் கொண்டே கூலி கணக்கிடப்படுகிறது. தையலில் ஏதோ ஐயம் தோன்றி ஒருவர் பொறியை நிறுத்தினால், நிறுத்திய நேரத்திற்குக் கூலி இல்லை. நிறுத்தாமல் சென்றால் கூலி உண்டு. குறை இருந்தால் அது செக்கிங் மேசையில் வேறொருவர் கண்ணில் படட்டும் என்ற எண்ணம் தோன்றும். அவ்வெண்ணத்திற்குத் தொழிலாளியைக் குறை கூறுவது நேர்மையன்று. எண்ணிக்கைக்கு மட்டும் பரிசு வைத்துவிட்டு, கவனத்தை எதிர்பார்ப்பது, விதைக்காத நிலத்தில் விளைச்சலைத் தேடுவது போன்றது. ஐயம் தோன்றும்போது அச்சமின்றிப் பொறியை நிறுத்தும் உரிமையும், களைத்த கண்ணுக்கு ஓய்வும் அளிக்கும் நிறுவனமே, தொழிலாளியின் கையை மட்டுமின்றி அறிவையும் பெறும். துணியின் குறைகளைக் கேமராவால் கண்டறியும் பொறிகள் இன்று ஆடைத்தொழிலுக்கு வந்துள்ளன. அவை தெளிவான குறைகளைத் தாமே பிரித்துவிட்டு, ஐயமானவற்றை மட்டும் பழகிய தொழிலாளியின் முன் வைக்குமாறு அமைந்தால், மனிதர் கவனம் உரிய இடத்தில் செலவாகும். அவரை விலக்கிவிட்டுப் பொறியையே முழுதும் நம்பினால், பொறி அறியாத குறையை அறிவதற்கு ஒருவரும் இல்லாமற் போவர்.

பள்ளிக்கூடமும் இதற்கு விலக்கன்று. விரைந்து ஒப்புவிப்பதற்கு மட்டும் மதிப்பெண் என்றால், மாணவர் மனம் விரைவையே கற்கும். “இவ்விடத்தில் எனக்கு ஐயம் உண்டு” என்று நின்று கூறும் மாணவனுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்றால், அவன் நிற்கவும் கற்பான்.

மனப்பாடம் சிந்தனைக்குப் பகை என்று சிலர் கூறுவர். வாய்பாட்டை அறியாத மாணவன், வட்டிக் கணக்கின் நடுவில் ஏழெட்டு எத்தனை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பான்; அதற்குள் கணக்கின் போக்கு மறந்துவிடும். வாய்பாட்டைப் பழக்கத்தின் கையில் கொடுத்தவனுக்கோ, கணக்கைப் பற்றிச் சிந்திக்க மனம் ஒழிவாக இருக்கும். ஆகவே மனப்பாடம் பகை அன்று. மனப்பாடத்தோடு நின்றுவிடுவதே பகை.

இன்னும் சிலர், விடை கூறும் பொறி கையிலிருக்கும்போது மாணவன் சிந்திப்பது வீண் செலவன்றோ என்பர். இது சிக்கனம் போலத் தோன்றும் கஞ்சத்தனம். எதிர்பார்ப்பும் நிகழ்ச்சியும் மாறுபடும்போதே மூளை கற்கிறது என்பது முன்னர்க் கூறப்பட்டது. தானாக ஒரு விடையை எண்ணிப் பார்க்காதவனுக்கு எதிர்பார்ப்பே இல்லை. எதிர்பார்ப்பு இல்லாதவனுக்கு மாறுபாடும் இல்லை. மாறுபாடு இல்லாதவனுக்குக் கல்வியும் இல்லை. முதலில் தான் முயன்று ஒரு விடை கண்டு, பின்னர்ப் பொறியின் விடையோடு ஒப்பிடுபவன் இரு விடைகளிலிருந்தும் கற்பான். முயலாமலே கேட்பவன், பிறர் தைத்த ஆடையைத் தான் தைத்ததாகக் காட்டும் கைமடிக்கு ஒப்பாவான். கூலி ஒருநாள் கிடைக்கலாம். தொழில் ஒருநாளும் கைவராது.

ஆதலால், மாணவர் மனத்தில் இருத்தத் தக்கவை மூன்று. நாள்தோறும் வருவதைப் பழக்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். எதிர்பார்ப்புக்கு மாறானது தோன்றினால் உடனே நின்று பார்க்க வேண்டும். திருப்பிச் செய்ய முடியாத செயலின் முன், எதுவும் மாறுபடாவிட்டாலும் நின்று பார்க்க வேண்டும். இம்மூன்றும் ஏட்டைப் படித்த அளவில் வருவன அல்ல. செய்து, பிழைத்து, திருத்திக்கொண்ட அளவிலேயே வருவன.

சில திங்கள் சென்றபின் அதே தையற்கூடத்திற்குச் செல்பவர், அந்த இளம்பெண்ணும் பக்கத்துப் பொறியினரோடு பேசிக்கொண்டே தைப்பதைக் காண்பார். அவளுடைய கண் இப்போது ஊசியின் மேல் இல்லை. துணி வரும் ஓரத்தின் மேல் இருக்கும். நூல் அறுந்தால், சொல் பாதியில் நிற்கும். கால் மிதியை விட்டு எழும். அவள் கற்றது தைப்பதை மட்டுமன்று. எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் ஆகும். ஓடத் தெரிந்த பொறிகள் உலகில் பல. நிற்கத் தெரிந்த மனமே அவற்றை ஆளும்.